கவிழ்த்து நிறுத்திய தோரணம்

(எமது சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



இன்று காலை நாம் சற்று நேரத்தோடு இம்மண்டபத்துக்கு வந்துவிட்டோம். வாயிலில் இளைஞர் சிலர் வாழை நட்டு முடித்துத் தோரணம் கட்டிக்கொண்டு நின்றனர். அவ்வழியே வந்த பெரியவர் ஒருவர் நின்று அண்ணாந்து பார்த்தார். "என்ன தம்பி, இங்கை ஆருக்குச் செத்தவீடு? தலையைக் கீழை போட்டெல்லோ கட்டியிருக்கிறாய். கழட்டிக் கட்டு மேனை" என்றார். பையன் வெட்கிச் சிரித்துக்கொண்டு ஏணியில் ஏறினான்.

பெரியவர் சொன்னது சரியே. குருத்தோலை ஒன்று, கயிறு ஒன்று, பின்னுங் கையும் ஒன்று. தலை மேல்நோக்கினால் மங்கலம், கீழ்நோக்கினால் அமங்கலம். இதனை நம் வீடுகளில் எவரும் நூலைப் பார்த்துக் கற்பதில்லை. பிழையாகக் கட்டி ஏச்சு வாங்கித்தான் கற்கிறோம். நாமும் அப்படித்தான் கற்றோம்.

இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் தொலைதேசத்து வாயில் ஒன்று. எங்கிருந்து தொடங்குவது என்று மூன்று நாளாக எண்ணிக்கொண்டிருந்தோம். ஏணியில் நின்ற அந்தத் தம்பி எமக்கு வழிகாட்டிவிட்டான்.

சில ஆண்டுகளுக்கு முன் உறவினர் வீட்டுத் திருமணம் ஒன்றுக்காக அமெரிக்கா சென்ற நாம், திரும்பும் வழியில் செயின்ற் லூயிஸ் என்னும் நகருக்குப் போனோம். கிழக்கே இல்லினோய் மாநிலத்தின் ஊடாக மோட்டார் வண்டியில் வந்தோம். வழியெல்லாம் சோளக் காடு. மேடு பள்ளமில்லாத தரை. நகரின் மாடிகள் கண்ணிற் படுமுன்னரே வானத்தில் ஒரு வெள்ளிக் கோடு தெரிந்தது. நெருங்க நெருங்க அது வளைந்தது. மிசிசிப்பி ஆற்றுப் பாலத்தில் ஏறியபோது, அக்கரையில் இரு காலூன்றி முழுதாய் நின்றது. எழுத்து இல்லை, சிற்பம் இல்லை, கொடி இல்லை. வருக என்று ஒரு சொல்லும் அதில் எழுதியிருக்கவில்லை. ஆயினும் வந்துவிட்டோம் என்ற எண்ணம் வண்டியிலிருந்த எல்லோருக்கும் ஒரே கணத்தில் எழுந்தது.

அதன் பெயர் வாயில் வளைவு. உயரம் 630 அடி. நம்மூர்த் தென்னை ஒன்று அறுபது எழுபது அடி எனக் கொண்டால், ஒன்றன்மேல் ஒன்றாக ஒன்பது பத்துத் தென்னை. இரு கால்களுக்கும் இடையே உள்ள அகலமும் அதே 630 அடிதான். எவரும் நம்பமாட்டார், கண்ணுக்கு உயரமே மிகுதியாகத் தோன்றும். உலகிலுள்ள வளைவுகளில் இதுவே மிக உயர்ந்தது.

இதனைக் கட்டவேண்டும் என்ற எண்ணம் 1933 இல் லூதர் ஈலி ஸ்மித் என்ற வழக்கறிஞருக்கு உதித்தது. அமெரிக்காவில் பெரும் பொருளாதார வீழ்ச்சி நிலவிய காலம் அது. வேலையற்றோர் தெருவில் நின்றனர். ஆற்றங்கரைப் பகுதி பழுதடைந்து கிடந்தது. மேற்கு நோக்கிக் குடியேறச் சென்றோர் புறப்பட்ட வாயில் செயின்ற் லூயிஸ் ஆகையால், அவர்கள் நினைவாக ஆற்றோரம் ஒரு சின்னம் எழுப்பினால் வேலையும் கிடைக்கும், ஊரும் பொலிவுறும் என்று அவர் கருதினார். 1803 இல் ஜனாதிபதி ஜெபர்சன் பிரான்சிடமிருந்து லூசியானாப் பெருநிலத்தை வாங்கியதும், அடுத்த ஆண்டு லூயிஸ், கிளார்க் என்னும் இருவரும் அவ்வட்டாரத்திலிருந்து மேற்றிசைப் பயணம் தொடங்கியதும் பள்ளிப் பிள்ளைகள் அறிந்த வரலாறு.

1935 இல் நகரின் பங்காகப் பணம் திரட்ட வாக்கெடுப்பு நடந்தது, நிறைவேறியது. அடுத்த ஆண்டே அதில் கள்ள வாக்குகள் விழுந்தமையை ஊர்ப் பத்திரிகை அம்பலப்படுத்தியது. ஆனாலும் வேலை நிற்கவில்லை. 1939 இல் ஆற்றங்கரையை இடிக்கத் தொடங்கினர். ஏறத்தாழ 40 தெருக்கட்டுகள் தரைமட்டமாயின. வார்ப்பிரும்பு முகப்புடைய பழைய வணிக மாளிகைகளும், களஞ்சியங்களும், பட்டறைகளும் போயின. 1834 இல் கட்டப்பெற்ற பழைய தேவாலயம் ஒன்றைத் தப்பவிட்டனர். இதிலே ஒரு வேடிக்கை உண்டு. 1764 இல் அந்நகருக்கு முதன்முதல் கால்கோளிட்ட நிலமே அதுதான். ஊரின் பிறப்பை நினைவுகூர வேண்டி ஊர் பிறந்த இடத்தையே இடித்தார்கள். அதன்பின் யுத்தம் வந்தது. இடித்த நிலம் இருபது ஆண்டுகள் வரை மோட்டார் வண்டிகள் நிறுத்தும் வெளியாகக் கிடந்தது.

யுத்தம் முடிந்தபின் 1947 இல் சிற்பிகளுக்கான போட்டி ஒன்றை அறிவித்தனர். 172 திட்டங்கள் வந்தன. பின்லாந்திலிருந்து குடியேறிய புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் எலியேல் சாரினெனும் ஒன்று அனுப்பினார். அவர் மகன் ஈரோ சாரினெனும் தனியாக ஒன்று அனுப்பினார். முதற்கட்டத்தில் தெரிவானமை பற்றிய தந்தி தகப்பன் பெயருக்கு வந்தது. வீட்டிலே பெரியவரைப் பாராட்டி விருந்துண்டனர். பின்னர்தான் பிழை தெரியவந்தது, தெரிவானவர் மகன். தகப்பனார் முகங்கோணாது மகனுக்காக இன்னொரு முறை போத்தல் திறந்தாராம். பிள்ளையிடம் தோற்பதைப் பெருமையாகக் கொள்ளும் தகப்பன்மார் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள். 1948 பெப்ரவரியில் மகனின் வளைவே முதற்பரிசு பெற்றது.

இனி அந்த வளைவின் வடிவத்துக்கு வருவோம். இளைஞர் இதைச் சற்றுக் கவனித்துக் கேட்கவேண்டும். தோரணக் கயிற்றின் இரு நுனியையும் இருவர் பிடித்துத் தளரவிட்டால் நடுவே தாழ்ந்து ஒரு வளைவு உண்டாகும் அல்லவா? கணித நூலார் அதனைச் சங்கிலியம் என்பர். தொங்குகின்ற கயிற்றிலோ சங்கிலியிலோ ஒவ்வோரிடத்திலும் இழுப்பு மாத்திரமே உண்டு; வேறு விசை இல்லை. அதை அப்படியே உறையச் செய்து தலைகீழாக நிறுத்தினால், இழுப்பு இருந்த இடமெல்லாம் அமுக்கமாக மாறும். கல்லும் கொங்கிறீற்றும் அமுக்கத்தைத் தாங்குவதில் வல்லவை. ஆகவே அவ்வளவு தன் பாரத்தைத் தானே கால்வழியே நிலத்துக்கு இறக்கிக்கொண்டு நிற்கும். இங்கிலாந்து விஞ்ஞானி றொபேட் ஹூக் இவ்வுண்மையை 1675 இல் எழுத்துக்களைக் கலைத்துப் போட்ட புதிராக வெளியிட்டார். பிறர் களவெடுத்துவிடாதபடி அப்படிச் செய்தாராம்!

சாரினென் சங்கிலியைத் தொங்கவிட்டுத்தான் வடிவம் தேடினார். ஒரே பருமனுள்ள சங்கிலியின் வளைவு அவர் மனத்துக்குப் பொருந்தவில்லை. பொறியியலாளர் ஹான்ஸ்கார்ல் பாண்டெல் என்பவர், நுனிகளிற் பாரங்கூடி நடுவில் பாரங்குறைந்த சங்கிலியை எடுத்துக்கொண்டு கணக்கிட்டார். அதனால் வளைவின் கால்கள் தடித்தும் உச்சி மெலிந்தும் அமைந்தன. குறுக்கே வெட்டிப் பார்த்தால் வளைவு ஒரு சமபக்க முக்கோணம். அடியில் ஒரு பக்கம் 54 அடி. உச்சியில் 17 அடி. புறத்தகடு கறள் பிடிக்காத உருக்கு. நம் தாய்மார் எவர்சில்வர் என்று துலக்கிவைக்கும் அதே உலோகம். ஆக, அமெரிக்கர் 630 அடி உயரத்துக்கு எவர்சில்வரில் ஒரு தோரணத்தைச் செய்து கவிழ்த்து நிறுத்திவிட்டார்கள் என்று நாம் சொன்னால் அதிற் பிழையில்லை.

திட்டம் தெரிவான பின்னும் பதினைந்து ஆண்டு கழிந்தது. ஆற்றோரத்துப் புகையிரதப் பாதையை எங்கே மாற்றுவது, பணத்தை யார் தருவது என்ற தகராறுகள் தீர நாளாயிற்று. எண்ணத்தை விதைத்த ஸ்மித் 1951 இல் மறைந்தார். சிற்பி சாரினென் 1961 இல், தமது 51 ஆம் வயதில் காலமானார். முதல் உருக்குத் துண்டு நிலத்தில் அமர்ந்தது 1963 பெப்ரவரியில். இருவரும் அதைக் காணவில்லை.

மொத்தம் 142 முக்கோணத் துண்டுகள். இரு காலையும் தனித்தனியே எழுப்பிச் சென்றனர். பாரந்தூக்கிகள் காலின் முதுகிலே தண்டவாளம் பதித்து, கட்டக் கட்டத் தாமும் மேலே ஊர்ந்தன. அடியில் அளவு ஓர் அங்குலத்தின் 64 இல் ஒரு பங்கு பிசகினாலும் உச்சியில் இரு காலும் சந்திக்கமாட்டா. பகல் வெயிலில் உருக்கு விரிந்து அளவைப் பொய்யாக்கும் என்பதால் இரவிலேயே அளந்தனர். இப்பணியில் 13 பேர் உயிரிழக்கக்கூடும் என்று காப்புறுதிக்காரர் கணக்கிட்டிருந்தனர். ஒருவரும் இறக்கவில்லை. வேறெந்தப் புகழையும்விட இதனையே நாம் பெரிதாக மதிக்கிறோம்.

1965 ஒக்ரோபர் 28. கடைசித் துண்டை ஏற்றும் நாள். உச்சியில் இரு காலுக்கும் நடுவே விட்டிருந்த இடைவெளி போதவில்லை. காலை வெயில் தென்காலில் நேரே விழுந்து அதனை விரியச் செய்தது. தீயணைப்புப் படையினர் நீண்ட குழாய்களை மேலே கொண்டுசென்று தென்காலின் மீது தண்ணீர் பாய்ச்சினார்கள். சூடு தணிய உருக்குச் சுருங்கியது. பின்னர் பெரும் நெம்பு பொறிகளால் இரு காலையும் விலக்கிப் பிடித்து, எட்டடித் துண்டை இடையே செருகினர். அத்துண்டினுள்ளே 7 இலட்சத்து 62 ஆயிரம் பேரின் கையெழுத்துக்கள் அடங்கிய பேழை ஒன்றை வைத்து ஒட்டியிருக்கிறார்கள். பெரும்பாலோர் பள்ளி மாணவர். கீழே ஆற்றங்கரையில் சனத்திரள். மேலே உப ஜனாதிபதி ஹம்பிறி ஹெலிகொப்ரரிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்பர்களே, இதுவரை நாம் கூறியது தலை மேல்நோக்கிய தோரணம்.

அதே வளைவு அரைகுறையாக நின்ற 1964 ஜூலை 14 ஆம் நாள், பேர்சி கிறீன் என்னும் கறுப்பின இளைஞர் ஒருவரும் றிச்சாட் டேலி என்னும் வெள்ளை இளைஞர் ஒருவரும் வடகாலிலே 125 அடி வரை ஏறி உட்கார்ந்துவிட்டனர். நான்கு மணி நேரம் இறங்க மறுத்தனர். அவர்கள் கேட்டது பெரிய காரியமன்று. பொதுப்பணத்தில் எழும் இந்தச் சின்னத்தில் கைத்திறன் வேலைகள் வெள்ளையருக்கே போகின்றன. கறுப்பினத் தொழிலாளருக்கும் ஒரு பங்கு வேண்டும் என்றனர். இறங்கியதும் கைதானார்கள். கிறீன் அடுத்த மாதம் தாம் பார்த்துவந்த விமானத் தொழிற்சாலை வேலையை இழந்தார். அவர் தொடுத்த வழக்கு 1973 இல் உயர் நீதிமன்றம் வரை சென்று, தொழிலிற் பாகுபாட்டை எப்படி நிரூபிப்பது என்பதற்கு அந்நாட்டில் இன்றும் எடுத்துக்காட்டப்படும் தீர்ப்பைப் பெற்றது.

1966 இன் தொடக்கத்தில் வளைவின் கீழுள்ள நிலவறை மண்டபத்து வேலைக்குக் கறுப்பினக் குழாய்வேலைக்காரர் சேர்க்கப்பட்டபோது, வெள்ளைத் தொழிலாளர் வேலையை விட்டு வெளியேறினர். 1964 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் கீழ், ஒரு துறை முழுவதிலும் நிலவிய பாகுபாட்டை எதிர்த்து அரசாங்கம் தொடுத்த முதல் வழக்கு இவ்வேலைத்தலத்திலிருந்தே எழுந்தது. எல்லோரையும் வருக என அழைக்கும் வாயிலைக் கட்டும் கூலியிலேயே எல்லோருக்கும் இடமில்லாதிருந்தது.

இதைக் கேட்டு நாம் அமெரிக்கரைப் பார்த்துச் சிரிக்க முடியாது. வளைவு திறந்துவைக்கப்பட்டது 1968 மே மாதம். அதே 1968 இல் எமது குடாநாட்டுக் கோயில் வாசலொன்றில் என்ன நடந்தது என்பது இங்கே முன்வரிசையில் இருக்கும் பெரியோருக்கு நினைவிருக்கும். உள்ளே போய்க் கும்பிட வேண்டும் என்று வந்தவர்களை எந்தத் தோரணத்தின் கீழ் மறித்தோம் என்பதை இளைஞர்கள் வீட்டிலே கேட்டறியலாம். கேட்டால் சிலர் பேச்சை மாற்றுவார்கள். திரும்பவும் கேளுங்கள்.

வளைவுக்கு நேர் மேற்கே பழைய நீதிமன்றம் ஒன்று இருக்கிறது. ஆற்றின் பக்கம் நின்று பார்ப்பவருக்கு அந்நீதிமன்றம் வளைவின் நட்டநடுவே, படச்சட்டத்தில் இட்டது போலத் தெரியும். டிறெட் ஸ்கொற், ஹரியற் என்ற அடிமைத் தம்பதியர் தமது விடுதலைக்காக வழக்காடிய இடம் அது. 1850 இல் அங்கே வென்றார்கள். மேன்முறையீட்டில் தோற்றார்கள். 1857 இல் நாட்டின் உயர் நீதிமன்றம், கறுப்பினத்தார் குடிமக்களே அல்லர் என்று தீர்த்தது. அந்நீதிமன்றப் படிகளிலேயே இறந்தோரின் சொத்தாக அடிமைகள் ஏலம் விடப்பட்டதும் உண்டு.

இன்னும் பின்னே போனால் இன்னொரு கதை. அந்நகருக்கு மேட்டு நகரம் என்று ஒரு பழம்பெயர். ஐரோப்பியர் வருமுன் அங்கு வாழ்ந்த மக்கள் மண்ணைச் சுமந்து கொட்டி எழுப்பிய பெரிய மேடுகள் ஊரெங்கும் இருந்தன. ஒவ்வொன்றாக வெட்டித் தெருவுக்கும் பாதைக்கும் மண்ணாக்கினர். பெரிய மேடு எனப் பெயர்பெற்றது 1869 இல் முற்றாக மறைந்தது. எஞ்சிய ஒரு மேட்டின் ஒரு பகுதியை 2009 இல் ஓசேஜ் மக்கள் விலைகொடுத்து வாங்கினார்கள். தம் மூதாதையர் கட்டியதைப் பணங்கொடுத்து மீட்டார்கள். மேற்கே குடியேறச் சென்றவருக்கு வளைவு வாயில். மேற்கிலே ஏற்கெனவே குடியிருந்தவருக்கு? அந்த வாயிலால் வந்தவர்கள் தம் வீட்டுக்குள் வந்தவர்கள் அல்லரோ?

அந்நகரின் நிலையையும் சொல்லவேண்டும். 1950 இல் அங்கே 8,56,796 பேர் வாழ்ந்தனர். 2020 குடிசன மதிப்பில் 3,01,578 பேர். தொழிற்சாலைகள் மூடின, வெள்ளையர் முதலிலும் வசதியுள்ள பிறர் பின்னரும் புறநகருக்குப் போயினர், பெருந்தெருக்கள் ஊரைக் கூறுபோட்டன. வளைவு இதற்குக் காரணமன்று. ஆனால் அது இதனைத் தடுக்கவும் இல்லை. வருவோரை வரவேற்க வாயில் எழுந்த அதே காலத்தில் வீட்டுக்காரர் பின்வழியால் போய்க்கொண்டிருந்தார்கள்.

நாம் உச்சிக்கும் ஏறினோம். வளைந்த காலுக்குள்ளே சாதாரண லிப்ற் ஏறமாட்டாது. டிக் பௌசர் என்பவர், பல்கலைக்கழகப் படிப்பை முடிக்காதவர், இரண்டே வாரத்தில் ஒரு வழி கண்டார். எட்டு உருண்டைக் கூடுகளைத் தொடராகக் கோத்து, இராட்டினத்துத் தொட்டில் போல ஒவ்வொன்றும் ஏற ஏறத் தன்னை நிமிர்த்திக்கொள்ளும்படி செய்தார். 1967 இல் ஓடத் தொடங்கிய அப்பொறி இன்றும் ஓடுகிறது. கூடொன்றில் ஐவர். எமது முழங்கால் எதிரே இருந்த அம்மையாரின் முழங்காலில் இடித்தது, அவர் பொறுத்துக்கொண்டார். மேலே போக நான்கு நிமிடம்.

உச்சியிலுள்ள சாளரங்கள் மிகச் சிறியவை. 7 அங்குல உயரம், 27 அங்குல நீளம். பெரிதாக வைத்தால் வலு குறையும் என்று சிறிதாக்கினராம். வயிற்றைச் சரிந்த சுவரில் வைத்துக் குப்புறச் சாய்ந்துதான் பார்க்க வேண்டும். கிழக்குச் சாளரத்தில் ஆறும், நாம் வந்த பாலமும், அப்பாற் சமநிலமும். மேற்குச் சாளரத்தில் அந்த நீதிமன்றம், கைக்குள் அடங்கும் அளவில். முன்னே ஊருக்கும் வளைவுக்கும் நடுவே ஆழ்ந்த பெருந்தெரு ஒன்று ஓடி இரண்டையும் பிரித்திருந்தது. வளைவைக் காண வந்தவர் ஊருக்குள் நடந்துபோக வழி இடர்ப்பாடாக இருந்தது. அதன்மேல் மூடிப் புற்றரை அமைத்து, நீதிமன்றத்தை நோக்கியபடி புதிய நுழைவாயிலையும் வைத்து 2018 இல் திறந்தார்கள். நாம் மேலிருந்து பார்த்தபோது, அப்புற்றரை வழியே பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக வந்துகொண்டிருந்தனர். நீதிமன்றப் பக்கமிருந்து புறப்பட்டு வளைவை நோக்கி வந்தார்கள். எல்லா நிறத்துப் பிள்ளைகளும் அவ்வரிசையில் இருந்தார்கள்.

கீழே அருங்காட்சியகம் உண்டு. பழங்குடிகள், கறுப்பின மக்கள், குடியேறிகள் என்று பலர் பக்கத்திலிருந்தும் அவ்வூரின் கதையை இப்போது அங்கே சொல்கிறார்கள். முந்திய காலத்தில் ஒரு பக்கமே சொல்லப்பட்டது. பேர்சி கிறீன் வடகாலில் ஏறிய செய்தி இன்று அவ்வளைவின் வரலாற்றோடு சேர்த்தே பேசப்படுகிறது. தோரணத்தைக் கழற்றவில்லை, அது கழற்றக்கூடியதும் அன்று. எந்தப் பக்கம் தலை கீழே போயிற்று என்பதை மட்டும் மறைக்காமற் சொல்லத் தொடங்கியிருக்கிறார்கள்.

எமக்குத் தந்த நேரம் முடிந்துவிட்டது என்று தலைவர் மணியைப் பார்க்கிறார். காலையில் ஏணியில் ஏறிய தம்பி அதோ வாசலருகே நிற்கிறான். வெளியே தோரணம் இப்போது சரியாகவே கட்டப்பட்டிருக்கிறது. வரும்போது நாம் பார்த்துக்கொண்டுதான் வந்தோம். பின்னாலே நிற்பவர்கள் உள்ளே வந்து இருக்கலாம், முன்வரிசையில் இடம் இருக்கிறது.